நாயனத்தை உறையில் போட்ட பிறகு மாத வருமானம் எங்கிருந்து?

கேள்வி: எனக்கு 61 வயது. சோழவந்தான் பக்கம் 42 வருஷமாக நாயனம் வாசித்தேன். முன்பல் இரண்டு போய்விட்டது. பல் கட்டியும், வாயில் வைத்து ஊதும் சீவாளி பழையபடி உட்காரவில்லை. ஆவணியோடு நிறுத்திவிட்டேன். கையில் 20 லட்சம் இருக்கிறது. அதில் 60,000 வரப்போகும் தை முகூர்த்தங்களுக்கு வாங்கிய அச்சாரம். வீட்டுச் செலவு மாதம் 15,000. கல்யாணங்களுக்கு ரேடியோ செட், மேடை லைட் வாடகைக்கு விட மகன் 12 லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அச்சாரம். அது உங்கள் பணமில்லை ஐயா, வாசிக்காத வரை கடன். வேறு நாயன செட்டைப் பேசி அவர்கள் கையில் கொடுங்கள். இல்லை, கல்யாண வீட்டாரிடமே திருப்பிவிடுங்கள். உங்களை நம்பித் தை மாதத்தை ஒதுக்கி வைத்திருக்கும் தவில்காரரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

மகனின் திறமை மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்கும் தொழிலும் முகூர்த்தத்தை நம்பியது. உங்களுக்குக் கை காய்ந்த மாதங்களில் அவருக்கும் காயும். ஆடியில் அம்மன் கோயிலுக்கு ரேடியோ கட்டலாமே என்பார்; கட்டலாம், கல்யாண மேடை லைட்டுக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை. 2 லட்சம் கொடுங்கள். மீதியை அவர் பெயரில் கடன் வாங்கட்டும், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாமல்.

15 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமான வட்டியை வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும், மாதத்துக்கு 10,250. கணக்கு திறக்கும் நாளின் வட்டி 5 வருஷத்துக்கு மாறாது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி தொடக்கத்தில் பணம் விழும். ஜூலைப் பணம் ஆடி பிறக்கும் முன்பும், ஜனவரிப் பணம் மார்கழியிலும் கைக்கு வந்துவிடும். இத்தனை வருஷமும் கடன் வாங்கி ஓட்டிய மாதங்கள் அவைதானே!

குறையும் 4,750க்கு ஆறு பிள்ளைகள் போதும், ஆளுக்கு 800 வாங்கினால். திண்ணையே வகுப்பு, அறை கட்டக் கிளம்பாதீர்கள். நாயனத்தைப் பாடிச் சொல்லிக் கொடுக்கப் பல் எதற்கு?

மிச்சம் 2,40,000. அது ஆஸ்பத்திரிக்கு, வங்கியில் தனியே டெபாசிட்டாக இருக்கட்டும். தபால் நிலையப் பணத்தை ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் அங்கே போடச் சொல்லவில்லை. வட்டி வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வரி பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுங்கள். கணக்கை மனைவி பெயரும் சேர்த்துத் திறங்கள். பணத்தை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், செக்காகத்தான் வாங்குவார்கள்.