ஜார்ஜியா விவசாயக் குடும்பத்தின் வம்சாவளி 1870-இல் ஏன் முட்டி நிற்கிறது?

அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பின விவசாயக் குடும்பங்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒருநாள் இந்தச் சுவரில் போய் முட்டுவார்கள். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 72 வருட ரகசியக் காலம் முடிந்து 2022-இல் வெளியானது. அங்கிருந்து தாத்தா, பூட்டன் என்று பத்துப் பத்து வருடமாகப் பின்னால் போகலாம். 1890-ஐ மறந்துவிடுங்கள், 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அந்த ஏடுகள் பெரும்பாலும் பாழாகிவிட்டன.

சரி, 1870 வரை வந்தாயிற்று, விடுதலையான அடிமைகள் எல்லாரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முன்? 1850, 1860 கணக்கெடுப்புகளில் தனியாக எடுத்த அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் இருக்கும், அடிமைகளுக்கோ பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும்தான், பெயரே கிடையாது. அதனால் உடைமையாளர் யார் என்று முதலில் கண்டுபிடித்து, அவருடைய உயிலையும் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலையும் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளில் தேட வேண்டும். கோவேறு கழுதைக்கும் கலப்பைக்கும் நடுவில், விலையோடு, உங்கள் பூட்டியின் பெயர் கிடக்கலாம். படிக்கும்போது வயிற்றைப் பிசையும். அப்புறம் ஒன்று, விடுதலையானவர்கள் எல்லாரும் கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளவில்லை, பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள்.