தினமும் துடைத்தும் கார் ஏன் மங்குகிறது? பெயின்ட்டையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கேள்வி: திருவான்மியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கார் அடர்நீல ஹேட்ச்பேக், வாங்கி 5 வருடம் ஆகிறது. தினமும் காலையில் ஒருவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். பார்க்கிங்கின் மேல்தளத்திலிருந்து சொட்டிய தண்ணீரால் கூரையில் வெள்ளைத் திட்டுகள். பின்கதவில் பைக் உரசிய கீறல். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் சாம்பல் பூத்துவிட்டன. "ஃபுல் பாலிஷ் போட்டு, டெஃப்லான் கோட்டிங் அடிச்சிடலாம்" என்கிறார்கள் பட்டறையில். இதில் வீட்டிலேயே செய்ய முடிந்தது எவ்வளவு?

பதில்: நீங்கள் சொன்ன நான்கில் மூன்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கதவுக் கீறல் மட்டும் அதன் ஆழத்தைப் பொறுத்தது. ஆனால் பாலிஷ் டப்பா வாங்குவதற்கு முன்னால் அந்தத் தினசரித் துடைப்பை நிறுத்துங்கள். வட்டக் கோடுகளைப் போட்டதே அதுதான்.

காரின் மேல் உள்ள பெயின்ட் மொத்தமாகவே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுக்க இந்தக் கடைசிப் பூச்சில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான். அது வெறும் 40, 50 மைக்ரான். பாலிஷ் என்றால் இந்தப் பூச்சைக் கொஞ்சம் அரைத்துச் சமன் செய்வது. அரைத்தது திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு வேலையிலும் மிக மென்மையான வழியை முதலில் பாருங்கள். அதில் தீராவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களை முடிக்கிறார். முதல் காரின் மணல் துணியில் ஏறி, உங்கள் பானெட்டில் தேய்கிறது. இரவில் படிந்த கடற்கரைத் தூசி வேறு. அவரிடம் "உடம்பைத் தொட வேண்டாம், கண்ணாடியும் டயரும் மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள், தவறு அவருடையது இல்லை, அந்த முறையுடையது. உலர்ந்த காரின் மேல் டஸ்டர் ஓட்டுவதையும், தூசியோடு இருக்கும் காருக்குக் கவர் போடுவதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

கழுவும் முறை

வாரம் ஒருமுறை போதும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது; நிழலில், காலை 8 மணிக்குள் என்றால் நல்லது. ஹோஸ் பைப்புக்கு அனுமதி இல்லாத குடியிருப்பாக இருந்தால், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் 2 லிட்டர் பம்ப் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதில் கார் ஷாம்பு கலந்த தண்ணீரை எல்லாப் பக்கமும் தெளித்து மூன்று, நான்கு நிமிடம் ஊற விடுங்கள். கையால் தொடுவதற்கு முன்பே மணலில் பெரும்பகுதி நெகிழ்ந்து கீழே வடிந்துவிடும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரில் லேபிளில் சொன்ன அளவு ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தித் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். ஒரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கதவுகளின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி.

பாத்திரம் கழுவும் லிக்விட், சோப்புத்தூள் இரண்டும் வேண்டாம். அவை மெழுகுப் பூச்சைக் கழற்றிவிடும். பழைய பனியன் துணி மென்மையாகத் தெரிந்தாலும் மணலை உள்ளே வாங்காது; மேலேயே வைத்து உருட்டும். மைக்ரோஃபைபரின் இழைகளுக்கு நடுவே மணல் ஒதுங்கிக்கொள்ளும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் இழைகள் வழுவழுத்துத் தண்ணீரை உறிஞ்சாது.

போர்த் தண்ணீர் என்றால் தானாக உலர விடாதீர்கள். உலர்ந்த ஒவ்வொரு துளியும் உப்பு வளையமாக நிற்கும். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம், அதில் உப்பு இல்லை. ஆர்ஓ கழிவுநீர் கூடவே கூடாது. போர்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

கூரையில் வெள்ளைத் திட்டு

இது வெறும் உப்புத் தண்ணீர்க் கறை என்று நினைக்க வேண்டாம். கான்கிரீட் தளத்தில் கசியும் நீர் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. காரத்தன்மை அதிகம். காற்றுப் பட்டதும் கல்லாக இறுகுகிறது. புதிய சொட்டு என்றால் அன்றைக்கே தண்ணீரில் போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டையே அரித்துவிடும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து, டிஷ்யூ தாளை அதில் நனைத்துத் திட்டின் மேல் ஒட்டி வையுங்கள். இரண்டு நிமிடம். தாளை எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு குறைந்திருக்கும், ஓரங்கள் கரைந்திருக்கும். நடுவில் மேடு நின்றால் மறுபடி அதே இரண்டு நிமிடம், இந்தமுறை கலக்காத வினிகர். கனமான திட்டுக்கு நான்கைந்து முறை ஆகலாம். நகம், பிளேடு, ஸ்க்ரப்பர் எதுவும் வேண்டாம். உடைந்த சுண்ணாம்புத் துகளே கீறும். டாய்லெட் கிளீனர் அமிலத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குரோம் பட்டையையும் தகட்டின் ஓரங்களையும் தின்னும். முடிந்ததும் ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள்.

கல் போனபின்னும் நிழல்போல ஒரு வளையம் தெரிந்தால் பூச்சு அரிபட்டிருக்கிறது. அதற்கு மென்மையான பாலிஷ் ஒரே ஒரு முறை. அதிலும் போகாததை விட்டுவிடுங்கள், துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட் காலியாகும். அசோசியேஷன் கசிவை அடைக்கும் வரை சொட்டும் இடத்துக்கு நேர்கீழே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாகக் கட்டிவிடுங்கள்.

பறவை எச்சத்துக்கும் அவசரம் அதேதான். வெயிலில் பூச்சு சூடாகி இளகும், மாலையில் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் வடிவமே அதில் பதிந்துவிடும். ஈர டிஷ்யூவை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

வட்டக் கோடுகள்

கழுவி உலர்ந்தபின் விரலில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் பாலிஷுக்கு முன் கிளே பார் (பூச்சில் ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும், களிமண் போன்ற கட்டி) போட வேண்டும். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, கிளே துண்டை அழுத்தாமல் சறுக்க விடுங்கள். அழுக்கேறியதும் மடித்துப் புதுப்பக்கம் திருப்புங்கள். கீழே விழுந்த கிளேயைத் தூக்கி எறிந்துவிடுங்கள், மணல் ஒட்டியது போகாது.

கடையில் 'ரப்பிங் காம்பவுண்ட்' கேட்காதீர்கள், அது சொரசொரப்பு அதிகம். ஃபைன் பாலிஷ் வாங்குங்கள். பிளாஸ்டிக் பட்டைகளையும், பானெட்டின் கூர்மையான மடிப்புக் கோடுகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மடிப்பு ஓரத்தில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கேதான் முதலில் நிறம் வெளியே வரும். ஒரு அடிச் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள்: ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு, மிதமான அழுத்தம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நிமிடம், பிறகு சுத்தமான துணியால் துடைத்து மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பாதிக் கோடுகள் மங்கியிருந்தாலே வெற்றி. கையால் முழுவதும் போகாது. மெஷின் வேண்டும் என்றால், பேட் சுழன்றபடியே இடமும் மாறி அசையும் டூயல் ஆக்‌ஷன் வகை மட்டும். டிரில்லில் பேட் மாட்டிச் சுற்றினால் ஒரே இடத்தில் சூடேறிப் பூச்சு கருகிவிடும்.

பாலிஷ் போட்ட அன்றே மெழுகோ சீலன்ட்டோ போட்டு மூடுங்கள். நம் வெயிலில் கார்னவ்பா மெழுகு ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கும். சிந்தெடிக் சீலன்ட் நான்கு மாதம் வரை. மெல்லிசாகப் பூசி, விரலால் இழுத்தால் தெளிவாக வரும் நிலையில் துடைத்தெடுங்கள். தடித்துப் பூசினால் பளபளப்பு கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும்.

பின்கதவுக் கீறல்

முதலில் கீறலில் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. ஃபைன் பாலிஷ் போதும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டுகிறதா என்றும் பாருங்கள். மாட்டாமல், வேறு நிறம் மட்டும் தெரிந்தால் அது பைக்கின் பெயின்ட் உங்கள் கதவில் ஒட்டியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மிச்சத்தைப் பாலிஷ் எடுக்கும். தின்னரைக் கொண்டு போகாதீர்கள்.

நகம் மாட்டி, உள்ளே சாம்பல் நிறமோ தகடோ தெரிந்தால் டச்-அப், அதாவது கீறலுக்குள் மட்டும் பெயின்ட் வைப்பது, செய்தாக வேண்டும். கடற்கரை ஓரத்தில் திறந்த தகடு சில நாளிலேயே துருப்பிடிக்கும். பம்பரில் இதே கீறல் என்றால் அவசரமில்லை, அது பிளாஸ்டிக்.

அதற்கான பெயின்ட் வாங்க, உங்கள் கார் நிறத்தின் குறியீடு வேண்டும்; அது பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ உள்ள தகட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்டரில் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "அடர்நீலம்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் நிறம் பொருந்தாது. கீறலை ஆல்கஹாலால் துடைத்து, துரு இருந்தால் 600 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தீக்குச்சி நுனியில் சுற்றி, கீறலுக்குள் மட்டும் தேயுங்கள். தகடு தெரிந்த இடத்தில் பிரைமர். பிறகு நிறத்தைப் பல்குத்தும் குச்சியாலோ மெல்லிய பிரஷாலோ கீறலுக்குள் மட்டும் இறக்குங்கள். மூன்று மெல்லிய பூச்சு, நடுவே 30 நிமிடம். பாட்டிலோடு வரும் தடித்த பிரஷ் கீறலை விட அகலமாகப் பூசும், அதில்தான் பலருடைய வேலை கெடுகிறது. மேலே கிளியர், சுற்றுப்பரப்பைவிட ஒரு மயிரிழை மேடாக. ஒரு வாரம் கழித்து 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மேட்டை மட்டும் சமன் செய்து, பாலிஷ் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை ஈரத்தில் இதைச் செய்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட வேண்டாம். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான போனஸ் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை. சின்னக் கீறலுக்காக அது பூஜ்ஜியத்துக்குப் போகும். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் பாலிசியும் அந்த போனஸைக் காப்பாற்றாது.

கறுப்பு பிளாஸ்டிக்

பழைய பல் பிரஷால் ஷாம்பு போட்டுத் தேய்த்து, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை கழுவுங்கள். காய்ந்த மெழுகின் வெள்ளைத் தடத்தைச் சாதாரண பென்சில் ரப்பர் எடுத்துவிடும். ஒரு மணிநேரம் உலரவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, டிரிம் ரெஸ்டோரரை (மங்கிய பிளாஸ்டிக்கின் கறுப்பை மீட்கும் பூச்சு) மெல்லிசாகப் பூசி, மிஞ்சியதை ஒற்றியெடுங்கள். ஒரு நாள் மழை படக் கூடாது. பட்டறைகளில் டீசல் தோய்த்த பஞ்சால் கறுப்பாக்கித் தருவார்கள். தேங்காய் எண்ணெயும் அதே ரகம். இரண்டு நாள் மின்னும், பிறகு தூசியைப் பிடித்து வைக்கும். டீசல் கதவு ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

இத்தனைக்குப் பிறகும் பட்டறைக்குப் போவதானால், கோட்டிங்கின் பெயர் எதுவாக இருந்தாலும் அதற்கு முன் என்ன அரைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் ஒவ்வொரு தகட்டுப் பேனலிலும் நான்கைந்து இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டும் பேனல் பெரும்பாலும் ஏற்கெனவே மறுபெயின்ட் கண்டது. 80-க்குக் கீழ் காட்டும் இடத்தில் மெஷினை வைக்கவே விடாதீர்கள்.