தரங்கம்பாடி கோட்டை: பழைய படமும் உங்கள் படமும் ஏன் பொருந்தவில்லை

பழைய படத்தில் இருப்பதுபோலவே கோட்டையை எடுக்க வேண்டுமானால், இன்னும் பின்னால் போய் நின்று எடுங்கள். கேமராவில் குறையில்லை.

பழைய படத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை பெரிதாகவும், உங்கள் படத்தில் முன்னால் உள்ள மதில் மட்டும் பெரிதாகவும் விழுகிறது, ஜூம் செய்தும் சரியாகவில்லை என்கிறீர்கள். ஜூம் எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பெரிதாக்கும். மதிலுக்கும் கோட்டைக்கும் உள்ள விகிதம் நாம் நிற்கும் தூரத்தால்தான் மாறும். அந்தப் படக்காரர் அநேகமாக உங்களைவிட வெகுதூரம் தள்ளி நின்றிருக்கிறார்.

பழைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மதிலின் மூலை கோட்டையின் எந்த வளைவை மறைக்கிறது என்று பாருங்கள். நேரிலும் அப்படியே மறைக்கும்வரை இடவலமாக நகருங்கள்.

2. அப்புறம் இதேபோல முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இன்னொரு ஜோடியைப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் நேராகத் தெரியும் இடங்கள் ஒரு கோடாக அமையும்; இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் அவர் நின்றார். பூச்சு விளிம்புகளை நம்பாதீர்கள். 1620-இல் எழுந்த கோட்டை, பலமுறை பழுதுபார்த்தாயிற்று.

ஆனால் ஒன்று. அங்கே கடல் நிறையவே உள்ளே வந்துவிட்டது. பக்கத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கொண்டுபோயிருக்கிறது. அவர் நின்ற மணல் இன்று தண்ணீருக்குள் இருக்கலாம். அப்படியென்றால் தடுப்புக் கற்களின் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். கிடைத்த இடத்திலிருந்து எடுத்து, கோணம் மாறியதைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.