காவல் நாய் பருத்துவிட்டது: இரவுத் தீனியை நிறுத்தலாமா?

கேள்வி: தோட்டக் காவலுக்கு லாப்ரடார் கலப்பு ஆண் நாய் வளர்க்கிறோம். வயது 6. கருத்தடை ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. எடை 36 கிலோ, இடுப்பே தெரியவில்லை. காலையும் இரவும் ஒரு குவளை உலர் தீவனம் போடுகிறோம்; பால் கறந்ததும் கொஞ்சம் பால். ஒரு மாதமாக நடக்கக் கூட்டிப்போயும் எடை இறங்கவில்லை. பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறது, எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறது. இரவுத் தீனியை அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வேளை பட்டினி போட்டால் கோழித் தீவனத்திலும் குப்பையிலும் வாய் வைக்கும். கணக்கு இன்னும் கெடும். எடை இறங்காமல் நிற்பது நடை போதாததால் அல்ல. ஒரு கிலோமீட்டர் நடந்தால் நாய் தன் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 1 கிலோகலோரிதான் செலவழிக்கும். உங்கள் நாய் 2 கிலோமீட்டர் நடந்தால் 70 சொச்சம். 100 மில்லி பசும்பாலிலேயே ஏறத்தாழ 65 இருக்கிறது. இரண்டு வேளையும் சேர்த்து 300 மில்லி ஊற்றினால் 200-ஐத் தொடும். ஆபரேஷன் செய்த நாய்க்குத் தேவையும் கணிசமாகக் குறைந்துவிடும். பழைய அளவையே போட்டுவந்தால் மிச்சமெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும்.

தீனியில் கை வைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எப்போதும் மந்தமாக இருந்து, இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டினால் தைராய்டு குறைவாக இருக்கலாம். அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, வயிறு மட்டும் தொங்கினால் குஷிங் நோயா (உடம்பில் கார்டிசால் ஹார்மோன் மிகுந்துபோவது) என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பெருத்திருந்தால் அது கொழுப்பு இல்லை, நீர் கோத்திருக்கலாம். அரிப்புக்கு ஸ்டீராய்டு, வலிப்புக்கு பீனோபார்பிட்டோன் கொடுத்துவந்தால் அவையும் பசியைக் கிளப்பும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. பின்னங்கால் வலிக்கு மனிதர் போடும் மாத்திரை எதுவும் வேண்டாம். இடுப்பு மூட்டில் தேய்மானம் உள்ள நாய்க்கு எடையில் 6 சதவீதம் போல இறங்கினாலே நொண்டல் குறைவது தெரியும்.

விலாவைத் தடவிப் பாருங்கள். நீட்டிய புறங்கையின் எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு விலா தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவதுபோல எலும்பு புதைந்திருந்தால் கொழுப்பு கூடுதல். உடல்நிலையை 9 புள்ளியில் அளப்பார்கள். 5-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 10 சதவீத எடை கூடுதல் என்று கணக்கு. இடுப்பே தெரியாமல், அழுத்தினால்தான் விலா கிடைக்கிறது என்றால் 8 என்று வைக்கலாம். அப்படியானால் இலக்கு சுமார் 28 கிலோ.

இனி தீனிக் கணக்கு. போன் கால்குலேட்டரில் 28 × 28 × 28 போட்டு, வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்துங்கள். 12.17 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 852. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவு கிலோகலோரிதான். இதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 85-ஐ, பிஸ்கட் மாதிரி இடைத்தீனிக்கு ஒதுக்குங்கள். மீதி 767. தீவனப் பையில் 100 கிராமுக்கு 350 என்று அச்சிட்டிருந்தால் நாளுக்கு 220 கிராம். பையில் வேறு எண் இருந்தால் அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். குவளையை மறந்துவிடுங்கள். ஒருவர் தட்டி நிரப்புவார், இன்னொருவர் குவித்து அள்ளுவார். காலையில் சமையல் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், வீட்டில் யார் போட்டாலும் அன்றைக்கு அந்த டப்பா மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தீவனத்தை இவ்வளவு குறைத்தால் கலோரியோடு புரதமும் தாது உப்பும் சேர்ந்தே குறையும். கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாக உள்ள எடைக் குறைப்புத் தீவனத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வராது.

பசி எடுக்கும், கெஞ்சும். லாப்ரடார் என்றால் கேட்கவே வேண்டாம். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் பி.ஓ.எம்.சி. மரபணுவில் ஒரு துண்டு, அந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு நாய்க்கு இல்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். அதன் பார்வையை நம்பித் தட்டை நிரப்பாதீர்கள். அதே அளவை மூன்று வேளையாகப் பிரியுங்கள். தீவனத்தைச் சுத்தமான தரையில் இறைத்துவிட்டால் தேடித் தின்னவே கால் மணி நேரம் ஆகும். உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, பச்சை வெள்ளரி சேர்த்தால் வயிறு நிறையும். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடவே கூடாது. பாலை நிறுத்துங்கள். கோழித் தீவனம், மாட்டுத் தீவன மூட்டைகளை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றுங்கள். பண்ணை நாய்களில் கணக்கு தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

தீனிக் கணக்கு சரியானால் நடை தசையைக் காக்கும், மூட்டுகளை இளக்கும். வெயில் இல்லாத நேரத்தில் 10 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. தடுமாறவில்லை என்றால் வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். பந்து எறிவது, குதிக்கவிடுவது, படி ஏற்றுவது இப்போது வேண்டாம். நாக்கு கருஞ்சிவப்பாகி எச்சில் கொட்டினால் வெப்பத் தாக்கு. உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலைத் தீனிக்கு முன், மூட்டை நிறுக்கும் தராசிலேயே நிற்கவைத்து எழுதி வையுங்கள். எப்போதும் அதே தராசாக இருக்கட்டும். வாரத்துக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம், இப்போதைக்கு 360 முதல் 720 கிராம், இறங்குவது நல்ல வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் தீனியை 10 சதவீதம் கூட்டுங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை எடை பார்த்தும் வாரத்துக்கு 180 கிராம்கூட இறங்கவில்லையா? யாரோ ஒருவர் கையிலிருந்து ஏதோ போகிறது; முதலில் அதைப் பிடியுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் மட்டும் 5 முதல் 10 சதவீதம் குறையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மேலும் மேலும் வெட்டாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

28 கிலோவை எட்ட ஆறு மாதம்கூட ஆகலாம். எட்டியதும் பழைய அளவுக்குத் தாவாமல், இரண்டு வாரத்துக்கு 10 சதவீதம் வீதம் கூட்டி, எடை ஏறாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.