பெரிய ரிமோட் ஹெலிகாப்டர்: மகன் ஓட்டலாமா, முன்பணம் திரும்புமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். உள்ளங்கை அளவு ரிமோட் ஹெலிகாப்டரை ஒரு வருடமாக மொட்டை மாடியில் ஓட்டிப் பழகிவிட்டு, இப்போது பெரியது வேண்டும் என்கிறான். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் '600' ரகத்தில் பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்டினார். பேட்டரியோடு 3.2 கிலோ, விலை 65,000 ரூபாய். 20,000 ரூபாயை ஜிபேயில் கொடுத்துவிட்டேன். "பதிவு எண் இருக்கிறது, லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், மாடல்தானே" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பதிவு எண்ணைக் கேட்டால் இன்றுவரை தரவில்லை. லாஸ்பேட்டை மைதானத்துக்கு வந்தால் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். என் மகன் இதை ஓட்டலாமா? வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் ஒன்று, லாஸ்பேட்டைக்குப் போகாதீர்கள். விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடி உயரம் வரைதான் அனுமதி கேட்காமல் பறக்கவிடலாம். அதற்கும் உள்ளே வந்தால் தரையிலிருந்து ஓர் அடி எழும்பினாலும் முன் அனுமதி வேண்டும். கடைக்காரர் அனுமதி வாங்கியிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ட்ரோன் என்றால் நான்கு விசிறி வைத்த கேமரா மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், உள்ளே ஆள் இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எல்லா வான்கலத்தையும் சேர்த்தே சொல்கின்றன. ரிமோட் ஹெலிகாப்டரும் அதில் வரும். வகை பிரிப்பது எடையை வைத்துத்தான். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. மகன் இதுவரை மாடியில் ஓட்டியது நானோ. 3.2 கிலோ என்றால் மைக்ரோவைத் தாண்டி 'சிறியது' என்ற வகைக்கு ஒரே எட்டில் போய்விடுகிறான்.

'மாடல்தானே' என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பொழுதுபோக்குக்காக, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓட்டும் 25 கிலோ வரையுள்ள மாடல்களுக்கு விதிகள் ஒரு சலுகை தருகின்றன. அது வகைச் சான்றிதழ், அதாவது அந்த ரகக் கலத்தின் தரத்துக்கான சான்று, வேண்டாம் என்பதோடு முடிந்தது. பதிவு எண்ணுக்கும், ஓட்டுபவர் வாங்க வேண்டிய இயக்குநர் சான்றிதழுக்கும் (கடைக்காரர் 'லைசென்ஸ்' என்றது இதைத்தான்) அந்தச் சலுகை கிடையாது. இயக்குநர் சான்றிதழ் வேண்டாம் என்பது நானோவுக்கும், வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டும் மைக்ரோவுக்கும் மட்டும்தான். 2 கிலோவைத் தாண்டினால் அது கட்டாயம். அதை வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகன் இன்றைக்கு இதைச் சட்டப்படி ஓட்ட முடியாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க விதிகளில் இடம் இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது அபராதம் இல்லை. 600 ரகத்தின் மேல் விசிறி முனைக்கு முனை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டருக்கு மேல் இருக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று வைத்துக் கணக்குப் போட்டால், விசிறி முனை மணிக்கு 500 கி.மீ. வேகத்தை ஒட்டிச் சுழல்கிறது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 2013 செப்டம்பரில் 19 வயது இளைஞர் ஒருவர், தான் இயக்கிக்கொண்டிருந்த ரிமோட் ஹெலிகாப்டரே தலையில் பட்டு இறந்துபோனார். அவர் புதிதாகக் கற்றவரும் இல்லை, அனுபவம் உள்ளவர். மாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குழந்தைகள் ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடல் காற்று ஒரு தள்ளு தள்ளினால் பழகாத கை என்ன செய்யும்?

அப்படி யாருக்காவது அடிபட்டால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 125-ஆம் பிரிவு வரும். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறை. உயிர் போனால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. 18 வயது ஆகாதவர் என்பதால் மகனின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இழப்பீடு வேறு கதை. பிள்ளை செய்த தவறுக்குப் பெற்றவர் தானாகவே பொறுப்பாகிவிடுவதில்லை. ஆனால் ஆபத்தான பொருளை, ஓட்டத் தகுதியில்லாத பிள்ளையின் கையில் தெரிந்தே கொடுத்தால் அது தகப்பனின் சொந்தக் கவனக்குறைவு. உங்கள் மேல் நேரடியாகவே வழக்குப் போடலாம். மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தும் நானோவுக்கு மட்டும்தான் விலக்கு.

சரி, பணத்துக்கு வருவோம். லைசென்ஸ் வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் நம்பி வழக்குப் போட்டால் அது பலவீனமாக நிற்கும். இந்தியச் சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணத்தால் செய்த ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காக மட்டும் ரத்து செய்ய முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. "பதிவு எண் இருக்கிறது" என்று சொன்னாரே, அது சட்டத்தைப் பற்றிய கருத்து இல்லை. பொருளைப் பற்றிய தகவல். அந்த எண் இல்லாமல் விதிப்படி உங்கள் பெயருக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் அவரால் முடியாது. அது பொய் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்க 19-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

அவர் கடை நடத்துபவர் என்பதால் நீங்கள் நுகர்வோர். பழைய பொருள் என்பதால் அது மாறாது. புதுச்சேரிக்கு அலைய வேண்டியதும் இல்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சில கடைக்காரர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

மகனின் ஆசையை அணைத்துவிடச் சொல்லவில்லை. ஒரு வருடம் பொறுமையாகப் பழகிய பையன் அவன். இதைவிடச் சிறிய 450 ரகம் பேட்டரியோடு சேர்த்தே ஒரு கிலோவுக்குள் அடங்கும். அதற்கும் பதிவு எண்ணும் காப்பீடும் வேண்டும்தான், ஆனால் பொழுதுபோக்குக்கு ஓட்ட இயக்குநர் சான்றிதழ் வேண்டாம். கணினியில் சிமுலேட்டர் வைத்து முதலில் சில மாதம் பழகட்டும். விழுந்தாலும் செலவில்லை. கடலூர் நகரம் புதுச்சேரி விமான நிலையத்தின் 12 கி.மீ. வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். காவல்துறை ஓர் இடத்தை ஒரே நேரத்தில் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத இடமாக, அறிவிக்க முடியும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள் ஓட்டலாம். தெரிந்தவரின் தரிசு நிலம் இருந்தால், அவர் சம்மதத்தோடு, காற்று எழும்பாத காலை வேளையில் நீங்களும் கூட நின்று ஓட்டவையுங்கள்.

இந்த வாரமே கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பணம் செலுத்திய தேதி, தொகை, பதிவு எண் பற்றி அவர் சொன்னது, நீங்கள் எத்தனை முறை கேட்டும் தரவில்லை என்பது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, 15 நாளுக்குள் 20,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவு போதும். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் தராவிட்டால் ஆணையத்தில் புகாரோடு முதலில் இணைக்க வேண்டியவை அவைதான்.