எக்கோசிஸ்டம் என்ற சொல்லின் பொருள் என்ன? சுற்றாடல் என்று எழுதினால் போதாதா?

போதாது. இரண்டும் வேறு.

எங்கட இலங்கைப் பாடநூல்களில் இது சூழற்றொகுதி. தமிழ்நாட்டு நூல்களில் சூழ்நிலை மண்டலம். பொருள் ஒன்றுதான். சூழல், தொகுதி இரண்டும் புணர்ந்தால் 'ற்ற' வரும், கல்லும் தூணும் கற்றூண் ஆவது போல. ஆகவே 'சூழற்தொகுதி' பிழை. நாக்கு இடறினால் 'சூழல் தொகுதி' என்று பிரித்து எழுதுங்கோ.

1935இல் இந்தச் சொல்லை அச்சில் கொண்டுவந்தவர் ஆதர் டான்ஸ்லி என்ற பிரித்தானியத் தாவரவியலாளர். உயிரிகளை மண், நீர், ஒளி, வெப்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாம் சேர்ந்தே ஒரு தொகுதி என்பது அவர் வாதம்.

வன்னியில் இதை விளங்கப்படுத்தக் குளம் போதும். தண்ணீர், வண்டல், வெயில் உயிரற்ற பக்கம். பாசியும் தாமரையும் உற்பத்தியாக்கிகள், அதாவது வெயிலைக் கொண்டு தங்கட உணவைத் தாங்களே ஆக்குபவை. யப்பான் மீன் (திலாப்பியா) பாசியைத் தின்னும், விரால் சின்ன மீனைத் தின்னும், செத்ததையும் அழுகினதையும் பற்றீரியா பிரித்து மறுபடி சத்தாக்கும். ஆவணியில் வற்றின அலைகரையில் (குளத்தின் உள்ளோரத்தில்) மாடு மேய்ந்து சாணம் போடும். மாரியில் நீர் ஏற அந்தச் சத்துப் பாசிக்குப் போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் சூழற்றொகுதி. மீனையும் மரத்தையும் பட்டியல் போட்டால் அது சாகியம், அதாவது அங்குள்ள உயிரிகளின் கூட்டம், மட்டும். விரால் இருக்கிற இடத்தை மட்டும் சொன்னால் வாழிடம். சுற்றியுள்ளதெல்லாம் சுற்றாடல்.

சக்தி மட்டும் சுழலாது, ஒரு வழியாகத்தான் போகும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேருவது ஏறத்தாழ 10 சதவீதம். பாசியில் 1000 கலோரி இருந்தால் பாசி தின்னும் மீனுக்கு 100, அதைத் தின்னும் விராலுக்கு 10. விரால் குறைவாகப் படுவதற்கு வலையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஒரு கண்ணி பிசகினால் மற்றதும் பிசகும். மேல்காணிகளில் போட்ட யூரியாவும் பொஸ்பேற்றும் மழையோடு குளத்துக்குள் வந்தால் பாசி பொங்கும். இதற்குப் பெயர் நற்போசணையாக்கம் ('நல்' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதேங்கோ). பாசி பகலில் ஒட்சிசன் விடும். இரவில் அதுவும் ஒட்சிசனை எடுக்கும், அழுகும் பாசியைப் பிரிக்கும் பற்றீரியாவும் எடுக்கும். அதனால் விடியப்புறத்தில்தான் ஒட்சிசன் ஆகக் குறைவு. மீன் மேலே வந்து வாய் திறந்தால் நஞ்சு என்று முடிவெடுக்க முதல் அந்த நேரத்தில் நீரின் ஒட்சிசனை அளவுங்கோ. மத்தியானம் அளந்தால் எல்லாம் சரி போலவே காட்டும்.

எல்லையை நாங்கள்தான் கீறுகிறோம். குளம் ஒரு சூழற்றொகுதி. குளம், வாய்க்கால், வயல், மேலுள்ள காடு சேர்ந்தும் ஒன்று. எழுதும்போது எதுவரை என்று சொல்லிவிடுங்கோ.

இனி 'ஸ்டார்ட்அப் எக்கோசிஸ்டம்'. 1993இல் ஜேம்ஸ் மூர் என்ற வணிக உத்தி ஆய்வாளர் வணிகத்துக்கு இந்த உவமையைக் கொண்டுவந்தார். வங்கி, வழங்குநர், வாடிக்கையாளர், போட்டியாளர் ஒருவரில் ஒருவர் தங்கியிருப்பதைச் சொன்னால் பொருந்தும். பத்துக் கடை ஒரே தெருவில் இருக்கிறதுக்கு அந்தச் சொல் வேண்டாம்; 'துறை' அல்லது 'சந்தை' என்று எழுதுங்கோ.