குளிர்பதனக் கருவி வடிவமைப்பு: உங்கள் மகள் எதைப் பழக வேண்டும்?

"மெக்கானிக்கல் படிக்கும் மகள் ஏசி சர்வீஸ் கருவிகளை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள். அது மெக்கானிக் வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஏசி குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பை ஓட்டுபவர் மெக்கானிக். அது ஏன் 500 மைக்ரானுக்கு (உள்ளே மிஞ்சும் அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கவில்லை என்று கண்டுபிடித்து, அடுத்த மாடலில் அந்தக் குறை வராதபடி வரைபவர் வடிவமைப்பாளர். நல்ல துறைதான், தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளின் சான்றிதழை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

முதலில், ஓடித் தேய்ந்த இரட்டை நிலை (இரண்டு கட்டமாக உறிஞ்சும்) ரோட்டரி வேன் பம்ப் ஒன்றை அவள் கையால் பிரிக்கட்டும். ஆயிலை வடித்து ரோட்டர் (சுழலும் பாகம்), வேன் (அதில் செருகிய தகடு), ஸ்டேட்டர் (சுற்றியுள்ள நிலையான கூடு), எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் அளந்து வரையட்டும். ரோட்டர் ஸ்டேட்டரை நெருங்கும் இடத்தில் இடைவெளி கூடினால் காற்று பின்னோக்கிக் கசியும். குறைந்தால் சூடேறி விரியும்போது பிடித்துக்கொள்ளும். டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) பாடம் இங்கேதான் புரியும்.

அடுத்தது சோதனை. மைக்ரான் கேஜை (வேக்குவத்தை அளக்கும் மானி) நேராகப் பம்ப்பின் வாயிலேயே மாட்டி ஓட்ட வேண்டும். அங்கே நன்றாக இறங்கினால் பம்ப்பில் குறையில்லை. ஹோஸையும் இணைப்புகளையும் பாருங்கள். மாணவர்கள் பலர் உடனே பெரிய மோட்டாரை வரைவார்கள். அடைப்போ, போர்ட்டில் கழற்றாமல் விட்ட ஷ்ரேடர் கோர் என்ற சிறு வால்வு ஊசியிலும் ஒல்லியான ஹோஸிலும் இருக்கும். சீரான பிசுக்கு ஓட்டத்தில் உள்விட்டம் இரு மடங்கானால், அதே அழுத்தங்களில் 16 மடங்கு வாயு போகும். பிறகு சிஸ்டத்தோடு இணைத்து, வேக்குவம் பிடித்து, பம்ப்பைத் தனிமைப்படுத்திக் கேஜைக் கவனிக்கட்டும். ஏறி ஓரிடத்தில் நின்றால் பெரும்பாலும் ஈரம். ஏறிக்கொண்டே போனால் கசிவு.

ஈரம் ஆயிலையும் கெடுக்கும். உறிஞ்சிய நீராவி இரண்டாம் நிலையில் அழுத்தப்படும்போது நீராகி, ஆயில் பால்போல் வெளுக்கும். கேஸ் பேலஸ்ட் வால்வு கொஞ்சம் காற்றை விடுவதால், ஆவி நீராகுமுன்பே எக்ஸாஸ்ட் திறந்து அதை வெளியேற்றிவிடும். கடைசிக்கட்ட வேக்குவத்துக்கு அதை மூடிவிட வேண்டும்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு நான் பரிந்துரைப்பது இன்லெட் வால்வு. மின்சாரம் நின்றால், வேக்குவத்தில் இருக்கும் குழாய் பம்ப் ஆயிலை உள்ளே இழுத்துவிடும். அதைத் தடுக்க ஸ்பிரிங் வைத்த செக் வால்வு (ஒருவழி வால்வு) போடலாமே என்று தோன்றும். ஆழ்ந்த வேக்குவத்தில் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்க அழுத்த வித்தியாசமே மிஞ்சாது! ஆகவே ஆயில் அழுத்தத்தாலோ சோலனாய்டு என்ற மின்காந்தத்தாலோ இயங்கும் வால்வை யோசிக்க வேண்டியிருக்கும். சீல், ஸ்பிரிங், வாயு ஓட்டம் மூன்றையும் ஒரே சிறு பாகம் கற்றுத்தரும்.

ஏசியில் இருக்கும் கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெக்கவரி மெஷினில் வேறு சிக்கல்கள். திரவம் சிலிண்டருக்குள் வந்தால் வால்வு தகடு உடையும். ஏசி கேஸ்களில் ஆர்-32 லேசாகவும் ஆர்-290 நன்றாகவும் தீப்பற்றும். அதனால் பொறி பறக்கும் பிரஷ் மோட்டாரும் சாதாரண ஸ்விட்சும் ஆகாது. ஓ-ரிங்கின் ரப்பர் கேஸுக்கும் ஆயிலுக்கும் ஒத்துப்போக வேண்டும்; ஈபிடிஎம் என்ற ரப்பர் வகை, மினரல் ஆயிலில் ஊதிவிடும்.

கசிவுச் சோதனைக்கு ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். பயிற்சி மையத்தில் சேர்க்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மைக்ரான் கேஜ் இருக்கிறதா, பம்ப்பைப் பிரிக்க விடுவார்களா?